உழுகிற மாட்டுக்கும் உடம்பு வலிக்கும்

இயற்கை விவசாயத்துக்கு வந்த நாம் மாட்டைப் பற்றி நிறையவே பேசுகிறோம். சாணம், கோமியம், பஞ்சகவ்யம், எந்த இனத்து மாட்டுச் சாணத்தில் வீரியம் அதிகம் என்றெல்லாம் கூட்டத்துக்குக் கூட்டம் விவாதம் நடக்குது. ஆனா ஏர் இழுக்கிற காளையின் கழுத்து எப்படி இருக்கு, தோள்பட்டை இறுகிக் கிடக்கா, பின்னங்கால் எட்டு சரியா விழுதா என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. மாட்டின் பின்பக்கத்தில் இருந்து விழுவது நமக்கு முக்கியமாப் போச்சு. முன்பக்கத்தில் நுகத்தடி உட்காரும் இடம் மறந்து போச்சு.

நான் தாராபுரம் பக்கம் ஏழு ஏக்கர் வைத்திருக்கிறேன். பாதி மானாவாரி, பாதி கிணற்றுப் பாசனம். ஒரு ஜோடி காங்கேயம் காளைகளை வைத்துத்தான் உழவு, பலுகு ஓட்டுவது, எரு அடிப்பது எல்லாம். டிராக்டரை விட்டு மாட்டுக்கு வாருங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு நாம் சொல்கிறோம். சொல்லலாம், தப்பில்லை. ஆனா ஒரு தலைமுறை மாடு பூட்டாமல் இருந்துவிட்ட குடும்பத்துக்கு மாட்டை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. வேலை செய்கிற உடம்பைத் தடவிப் பார்த்து, தேய்த்துவிட்டு, ஓய்வு கொடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கணும். அது இல்லாத இடத்தில் மாடு பூட்டுவதை விட டிராக்டரே மேல் என்பது என் கருத்து. இரும்புக்கு வலி கிடையாது.

குதிரை வைத்திருக்கிறவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட ரொம்ப தூரம் போயிட்டாங்க. இங்கிலாந்தில் குதிரைக்கென்று பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் மனுசருக்கான பிசியோதெரபி படித்துவிட்டு, பிறகு விலங்குகளுக்கான மேற்படிப்பு படித்தவர்கள். அங்கே கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்பிய பிறகுதான் அவர்கள் சிகிச்சைக்காகக் கை வைக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. கையால் பிசைந்து விடுவது, குளிர் ஒத்தடம், சூட்டு ஒத்தடம், தண்ணீரில் நடக்க விடுவது, நீந்த விடுவது, கழுத்தையும் முதுகையும் வளைக்கிற பயிற்சி என்று பல வகை.

அதில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கேரட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குதிரையின் நெஞ்சுக்குக் கீழே, பிறகு விலாப்பக்கம், பிறகு முன்னங்காலுக்கு நடுவே என்று காட்டுவார்கள். கேரட்டுக்காகக் குதிரை தானாகவே கழுத்தை வளைக்கும். யாரும் பிடித்து இழுப்பதில்லை. இப்படி மூணு மாசம் செய்தபோது முதுகெலும்பை ஒட்டி ஓடும் தசை தடித்திருந்ததை ஸ்கேன் வைத்து அளந்து 2011-ல் வெளியிட்டிருக்கிறார்கள். எட்டுக் குதிரைகளில் மட்டும் செய்த சின்ன ஆய்வுதான். இருந்தாலும் அளந்து சொன்னார்களே, அதைச் சொல்லணும். காந்தப் போர்வை, அந்தக் கருவி, இந்தக் கருவி என்று காசு பிடுங்கும் சரக்கும் குதிரை உலகத்தில் ஏராளம். அதையெல்லாம் இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை.

குதிரைக்குச் செய்வதை அப்படியே மாட்டுக்குச் செய்யவும் முடியாது. பாரம் இழுக்கிற குதிரை நெஞ்சாலும் தோளாலும் தள்ளுகிறது. அதற்கேற்ற கழுத்துப்பட்டை அதற்கு உண்டு. நம் காளை திமிலுக்கு முன்னால் கழுத்தின் மேல் படியும் ஒரு கட்டையை முட்டி இழுக்கிறது. உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தோலில் அத்தனை பாரமும் இறங்குது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து பக்கம் மாட்டுக்கும் தோளில் படிகிற மாதிரி பஞ்சணை வைத்த கழுத்துப்பட்டை போட்டு ஓட்டியிருக்கிறார்கள். நம் மாட்டுக்குத் திமில் இருப்பதால் நுகத்தடி தோதாக நிற்கிறது, நாமும் அதோடு நின்றுவிட்டோம். ஆகவே நம் மாட்டுக்கு உடம்புப் பராமரிப்பு என்றால் எண்ணெயும் தேய்ப்பும் பிறகு. முதலில் நுகத்தடி.

உங்கள் நுகத்தடியை ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கழுத்து படிகிற இடத்தில் விளிம்பு இருக்கா? சிராய், ஆணி முனை, முடிச்சு இருக்கா? கையை வைத்து அழுத்தி இழுங்கள். உங்கள் கைக்கு உறுத்தினால் கழுத்துக்கும் உறுத்தும். படிகிற இடம் அகலமாகவும் வளைவாகவும் வழவழப்பாகவும் இருக்கணும். எலும்புக்கும் கட்டைக்கும் நடுவில் தோல் மணிக்கணக்கில் நசுங்கினால் அங்கே ரத்த ஓட்டம் நிற்கும். அதோடு உராய்வும் சேர்ந்தால் புண். மழையில் நனைந்த கழுத்து என்றால் இன்னும் சீக்கிரம், ஏன்னா ஊறின தோலுக்குப் பலம் இல்லை. தூறலில் உழவு ஓட்டிய மறுநாள் கழுத்தைப் பார்த்தால் தெரியும்.

ஜோடி சேர்ப்பதும் இதில் அடக்கம். ஒன்று உசரம், ஒன்று குட்டை என்றால் நுகத்தடி சாய்ந்து ஒரு மாட்டின் கழுத்தில் விளிம்பு பதியும். சந்தையில் நிறம் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், கொம்பு பார்க்கிறோம். ரெண்டையும் சமதரையில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, கழுத்து உசரம் சரியா இருக்கா என்று பார்க்கிறவர் குறைவு.

வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்ப்பது வண்டி ஓட்டின பழைய ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறினது. முன்பாரம் ஏறினால் கழுத்தை அமுக்கும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். எருவை அள்ளிப் போடும்போது ஆளுக்கு ஒரு பக்கம் நின்று கொட்டிவிட்டு, அப்படியே பூட்டி ஓட்டுகிறார்கள் இப்போது. பாரம் ஏற்றி முடித்ததும் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பாருங்கள். லேசான கனம் முன்னால் இருக்கணும், அவ்வளவுதான்.

இழுக்கும் விசைக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு காளை மணிக்கணக்கில் சிரமப்படாமல் இழுக்கக்கூடியது அதன் உடல் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ காளைகள் ரெண்டு என்றால் சுமார் 80 கிலோ இழுவிசை. இது வண்டியின் எடை அல்ல. உருளும் சக்கரத்தில் இதே விசைக்குப் பல மடங்கு பாரம் நகரும். ஆனா கட்டியான செம்மண்ணில் ஆழ உழும் கலப்பைக்கு இந்த 80 கிலோ சுலபமாகத் தீர்ந்துவிடும். மழை பெய்து மண் பதமாகும் வரை காத்திருப்பதும், ஆழத்தை ரெண்டு சாலில் பிரித்து எடுப்பதும் மாட்டின் தோளுக்கு நாம் செய்யும் வைத்தியம்தான்.

இனி கை வைப்பதற்கு வருவோம். காலையில் பூட்டுவதற்கு முன்னால் அஞ்சு நிமிஷம் போதும். புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பாருங்கள், உள்ளங்கையை விடச் சூட்டு வித்தியாசம் நன்றாகத் தெரியும். பிறகு உள்ளங்கையால் கழுத்திலிருந்து தோள், முதுகு, இடுப்பு, தொடை என்று அழுத்தியபடி கொண்டு போங்கள். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். ஈ உட்கார்ந்தால் தோல் சிலிர்ப்பது வேறு. நீங்கள் அழுத்தின இடத்தில் உடம்பை இழுத்துக்கொள்வது, முதுகைத் தாழ்த்துவது, தலையைத் திருப்பி முறைப்பது வேறு. பல வருசம் பூட்டின கழுத்தில் தோல் சீராகத் தடித்திருந்தால் அது காய்ப்பு, பயப்பட வேண்டாம். சூடாக, மெத்தென்று, ஒரு பக்கமாக வீங்கியிருந்தால் அன்றைக்குப் பூட்டக் கூடாது.

புண் ஆகிவிட்டால்? ஆறும்வரை ஓய்வு. கழுவி, உலர்த்தி, ஈ மொய்க்காமல் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவலாம். சாக்கைச் சுற்றி மறுபடி பூட்டுகிற வேலையை விட்டுடுங்க. சாக்கு வேர்வையில் நனைந்து விறைத்து இன்னும் அறுக்கும். கரி ஆயில் பூசுவதை என்னவென்று சொல்ல? நிலத்தில் ஒரு சொட்டு ரசாயனம் விழக்கூடாது என்கிறவர் மாட்டின் பச்சைப் புண்ணில் எஞ்சின் கழிவு ஆயிலைத் தடவுகிறார். உள்ளே கல் மாதிரிக் கட்டி நின்றுவிட்டால் அது மருத்துவர் கத்திக்கு உரியது, தைலத்துக்கு அல்ல.

நொண்டுகிற மாட்டைச் சமதரையில் நடக்கவிட்டுப் பாருங்கள். முன்னங்காலில் வலி என்றால் வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். எந்தக் கால் என்று தெரிந்ததும் முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். பிறகுதான் தோள், சப்பை எல்லாம். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. எங்கள் ஊர்ப்பக்கம் வருகிற லாடம் அடிக்கும் பெரியவர் ஒருநாள் ஒரு மாட்டின் குளம்பிடுக்கைக் கீறிக்கொண்டே சொன்னார்: "பாருங்க தம்பி, சப்பையில மூணு கோடு சூடு போட்டிருக்கறாங்க. இங்க உள்ளார கருவேல முள்ளு இருக்குது." முள்ளை எடுத்து, சீழை வெளியேற்றி, கழுவிக் கட்டினார். நாலாம் நாள் மாடு சரியா நடந்தது. சூட்டுத் தழும்பு இன்னமும் இருக்கு.

சூடு போடுவதைப் பற்றி நம் இயக்கத்துக்குள்ளேயே நேரடியாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. மரபு வைத்தியம் என்ற பேரில் அதையும் சிலர் காப்பாற்றி வைக்கப் பார்க்கிறார்கள். 'சூடு போட்ட பிறகு நடந்ததே' என்பார்கள். நடந்திருக்கும். தீய்ந்த புண்ணோடு பூட்ட முடியாமல் மூணு வாரம் கட்டுத்தரையில் விட்டிருப்பீர்கள். அந்த மூணு வார ஓய்வுதான் சுளுக்கை ஆற்றியது. சூடு போடாமலே அந்த ஓய்வைக் கொடுத்திருக்கலாமே! மரபில் பொன்னும் இருக்கு, பதரும் இருக்கு. தூற்றிப் பார்க்காமல் குதிருக்குள் கொட்டுகிறவர் விவசாயி இல்லை.

மரபில் பொன் என்று நான் சொல்வது வைக்கோல் பிரியை. குளிப்பாட்டும்போது ஒரு பிடி வைக்கோலை முறுக்கி, அதை வைத்து மாட்டை அழுத்தித் தேய்ப்போமே, அதுதான். குதிரை லாயங்களிலும் இதையே புல்லை முறுக்கிக் காலங்காலமாகச் செய்து வந்திருக்கிறார்கள். தேய்க்கிற அழுத்தத்தில் தசைக்கு ரத்தம் ஓடும், ஒட்டின வேர்வை உப்பும் மண்ணும் போகும். உப்பும் மண்ணும் கழுத்தில் காய்ந்து கிடந்தால் மறுநாள் நுகத்தடிக்கு அடியில் அதுவே உப்புத்தாள். தேய்க்கும்போது சதைப் பிடிப்பான இடத்தில் அழுத்துங்கள், எலும்பு முட்டும் இடத்தில் லேசாக விடுங்கள். காலில் கீழிருந்து மேலாகக் கொண்டு போங்கள். எண்ணெய் விளக்கெண்ணெயா, நல்லெண்ணெயா என்று சண்டை வேண்டாம். எண்ணெய் கை வழுக்குவதற்குத்தான், வேலை செய்வது கை.

சுளுக்கு என்றால் முதல் ரெண்டு நாள் குளிர்ந்த தண்ணீர். ஈரத்துணி வைத்து, ஒரு தடவைக்குக் கால் மணி நேரம், நாளைக்கு நாலைந்து தடவை. அந்த ரெண்டு நாளும் பிசையக் கூடாது. சூடும் வீக்கமும் இறங்கின பிறகு உப்பு ஒத்தடம், லேசான தேய்ப்பு, மெதுவாக நடக்க விடுவது. ஊரில் தலைகீழாகச் செய்கிறோம். சுளுக்கின அன்றைக்கே சூடு பறக்க ஒத்தடம் கொடுத்துப் பிசைந்து, உள்ளே இன்னும் ரத்தம் கசிய வைக்கிறோம்.

கையே வைக்கக் கூடாத நேரமும் உண்டு. தொடையிலோ தோளிலோ திடீரென்று வீங்கி, காய்ச்சல் அடித்து, வீக்கத்தை அமுக்கினால் நொறநொறவென்று சத்தம் கேட்டால் அது சுளுக்கு அல்ல, சப்பை நோய். பெரும்பாலும் ஆறு மாசத்திலிருந்து ரெண்டு வயசு வரை உள்ள இளசுகளுக்கு, அதிலும் நல்ல சதைப்பிடிப்பான கன்றுக்குத்தான் வரும். தைலம் தேடுகிற நேரத்தில் கன்று போய்விடும். உடனே மருத்துவர். மழைக்கு முன்னால் தடுப்பூசி. இன்னொன்று மூணு நாள் காய்ச்சல். இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று நொண்டல் இடம் மாறும், உடம்பே விறைத்த மாதிரி நிற்கும். காய்ச்சல் விட்ட கையோடு ஏரில் பூட்டினால் மறுபடி படுத்துக்கொள்ளும். வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் என்றால் கோமாரி.

பின்னங்கால் விறைத்துப் பின்னாலேயே நின்று, குளம்பு நுனி தரையில் உரசி, பிறகு வெடுக்கென்று உதறி முன்னால் வருகிற மாட்டைப் பார்த்திருப்பீர்கள். முட்டிச் சில்லு மேலே போய் மாட்டிக்கொள்வதால் வருவது. எவ்வளவு தேய்த்தாலும் தீராது. ஒரு நாரை அறுத்துவிடும் சின்ன அறுவையில் பெரும்பாலும் சரியாகும், கால்நடை மருத்துவர்களுக்குப் பழகின வேலைதான். இது தெரியாமல் எத்தனை உழவு மாடுகள் சந்தைக்குப் போய், அங்கிருந்து லாரி ஏறியிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

லாடம் பற்றிக் கொஞ்சம். மாட்டுக்குப் பிளவுண்ட குளம்பு என்பதால் காலுக்கு ரெண்டு, ஆக எட்டு லாடம். வயலுக்குள் மட்டும் நடக்கிற மாட்டுக்கு லாடம் தேவையில்லை. தார் ரோட்டில் வண்டி இழுத்தால் தேவை. லாடம் அடிக்க மாட்டைச் சாய்க்கிற அன்று காலையில் வயிறு நிறையத் தீவனம் போடாதீர்கள். மெத்தென்ற மண்ணில் சாய்க்கணும், நீண்ட நேரம் மல்லாத்திப் போட்டால் வயிறு உப்பும். இந்தத் தொழிலுக்கு எங்கள் பக்கம் எஞ்சியிருப்பவர்கள் எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். அவர்களுக்கு அடுத்து யார் என்ற கேள்விக்கு நம் இயக்கத்திடம் பதில் இல்லை.

ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர்களைப் பாருங்கள். நீச்சல், நடை, மண் குத்த விடுவது, தேய்த்துக் குளிப்பாட்டுவது என்று அந்த உடம்பைப் பாடுபட்டுத் தயார் செய்கிறார்கள். தண்ணீரில் உடம்பின் பாரம் காலில் இறங்காது, தசைக்கு வேலை மட்டும் நடக்கும். குதிரைக்காரர்கள் குளம் கட்டிச் செய்வதும் இதுதான். வருசத்தில் சில நிமிஷம் ஓடுகிற காளைக்கு இருக்கும் கவனிப்பு, வருசம் பூரா உழுகிற காளைக்கு இல்லை. அதுக்குப் பேரும் கிடையாது, மாலையும் கிடையாது, மாட்டுப் பொங்கலன்னைக்கு ஒருநாள் குளியலோடு சரி.

இதில் கூலி முறைக்கும் பங்கு உண்டு என்பதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். சொந்தமாக மாடு இல்லாதவர்கள் ஏர்க்காரரைக் கூப்பிட்டு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுகிறோம். ஏக்கர் கணக்கு என்றால் அவர் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார். நடுப்பகலிலும் ஓட்டுவார், தார்க்குச்சியும் எடுப்பார். குற்றம் அவர் மேல் இல்லை, அவருக்கும் அடுப்பு எரியணும். நாள் கணக்கில் கூலி பேசி, காலையில் வெள்ளென பூட்டி, வெயில் ஏறுவதற்குள் அவிழ்க்கச் சொல்லுங்கள். கூடுதலாக ஆகும் அந்தப் பணம் மாட்டின் தோளுக்கு நாம் கொடுக்கும் கூலி. 'மாட்டு உழவில் விளைந்தது' என்று பையில் அச்சடித்து விற்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

1965-ம் வருசத்து மத்திய அரசு விதிகளே வண்டி மாட்டுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவேளை இல்லாமல் 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போனால் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது என்கின்றன. முள் வைத்த நுகத்தடியும் முள் குச்சியும் கூடாது என்கின்றன. வண்டிக்கும் பொதிக்கும் எழுதின விதிகள் இவை. ஏருக்கும் நாமே எடுத்துக்கொண்டால் யார் தடுக்கப் போகிறார்கள்? என்னைக் கேட்டால் ஏருக்கு 9 மணி நேரமே அதிகம். நான் காலையில் நாலு மணி நேரத்தோடு அவிழ்த்துவிடுவேன். முதல் கால் மணி வெறும் நடை, கலப்பை தோளில். வாய் திறந்து, நாக்குத் தள்ளி, எச்சில் ஒழுக நிற்கிற மாட்டை அதற்கு முன்பே அவிழ்த்திருக்கணும்.

கால்நடை மருந்தகத்துக்குப் போனால் பால் மாட்டுக்குச் சினை ஊசி, தடுப்பூசி, மடிநோய்க்கு மருந்து என்று எல்லாம் கிடைக்கும். உழவு மாட்டின் நடையைப் பார்க்க அங்கே நேரமும் இல்லை, ஆளும் இல்லை. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை, வரிசையில் நிற்பதெல்லாம் பால் மாடுதான். நாட்டு மாடு வேண்டும் என்று மனு கொடுத்த நாம், உழவு மாட்டுக்கு மாசம் ஒருநாள் தனி முகாம் வேண்டும், லாடம் அடிக்கப் பழகும் இளைஞருக்கு உதவித்தொகை வேண்டும் என்று இதுவரை ஒரு மனு கொடுத்திருக்கிறோமா?

அரசு செய்யும்வரை நம் மாதக் கூட்டத்திலேயே தொடங்கலாம். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு விதைப்பை கொண்டு வருவது போல, மாடு வைத்திருக்கிறவர்கள் அவரவர் நுகத்தடியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு தச்சரையும், நான் சொன்ன லாடக்காரப் பெரியவரையும் கூட்டி வருவது என் பொறுப்பு. பஸ்ஸில் வருகிறவர்கள் நுகத்தடியின் அடிப்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாலும் போதும்.